பதினான்கு நாள் வீடு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நெடுஞ்சாலையை விட்டு மண் சாலையில் இறங்கினால், ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கம்பம் நிற்கும். அதில் அந்தச் சாலையின் எண் இருக்கும். எண் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகலாம் என்று பொருள். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக இருந்தால், வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து நன்றாக எழும்பி நிற்க வேண்டும். இல்லையென்றால் பாதி வழியில் கல் இடிக்கும். இந்தக் குறிப்பைத் தவிர அங்கே வரவேற்பு வளைவு கிடையாது, டிக்கெட் கூண்டு கிடையாது, ரசீது கிழிக்க ஆள் கிடையாது. இரண்டு மூன்று மைல் உள்ளே போனால் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. யாரோ எப்போதோ அடுக்கிய கல்வளையம், நடுவில் பழைய சாம்பல். அங்கே கூடாரம் அடிக்கலாம். பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை தங்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். வாடகை இல்லை.

இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘டிஸ்பெர்ஸ்டு கேம்பிங்’. கட்டிவைத்த முகாம் திடலுக்கு வெளியே, அவரவருக்குப் பிடித்த இடத்தில் சிதறித் தங்குவது. வண்டியிலேயே ஊர் ஊராகப் போகிறவர்கள் ‘பூன்டாக்கிங்’ என்பார்கள். அந்தச் சொல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. தகாலோக் மொழியில் ‘புந்தோக்’ என்றால் மலை. அங்கே சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆளரவமற்ற காட்டுப்புறத்துக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இந்த வசதி இப்போது ஓரங்களிலிருந்து அரிக்கப்பட்டு வருகிறது. குப்பை, காட்டுத்தீ, வீடற்றவர்கள் வந்து தங்குவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. தீர்வு மட்டும் பல இடங்களில் ஒன்றேதான்: பாதையின் குறுக்கே ஒரு இரும்புக் கதவு. காரணங்கள் பொய்யல்ல. தீர்வுதான் தப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார இறுதி கிடைத்தால் யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் என்று கிளம்புகின்றன. அவை தேசியப் பூங்காக்கள். காரோடு உள்ளே நுழையவே 35 டாலர். காரை நிறுத்திக் கூடாரமடிக்க வேண்டுமானால் குறித்த திடலில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும், கோடையில் அது லேசில் கிடைக்காது. ஆனால் அதே பூங்காக்களின் எல்லையை ஒட்டியே தேசிய வனங்கள் கிடக்கின்றன. யோசெமிட்டிக்கு ஸ்டானிஸ்லாஸ், சியரா, இன்யோ. யெல்லோஸ்டோனுக்கு பிரிட்ஜர்-டீட்டன், ஷோஷோனி என்று வரிசையாக. இவை பூங்காத் துறையின்கீழ் வருவதில்லை. வேளாண் துறையின்கீழ் வருகின்றன. மரமும் ஒரு விளைச்சல்தான் என்ற பழைய கணக்கு அது. அமெரிக்க வனத்துறையின் கையில் இருக்கும் நிலம் சுமார் 19.3 கோடி ஏக்கர், ஏறத்தாழ ஆறு தமிழ்நாடு. நில மேலாண்மைப் பணியகம் என்ற இன்னொரு துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர். அதில் பெரும்பகுதி பாலையும் புதர்க்காடும். இந்த இரண்டிலும்தான் வாடகையில்லாக் கூடாரம் சாத்தியம்.

இது ஏதோ அரசு கண்டுகொள்ளாமல் விட்ட ஓட்டை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1891இல் குடியரசுத் தலைவருக்குக் காடுகளை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் கிடைத்தது. வேலி போட்டுவிடுவார்களோ என்று மேற்கத்திய மாநிலங்கள் கொதித்தன. 1897இல் வந்த நிர்வாகச் சட்டம், முறையான காரியத்துக்காக ஒதுக்குக் காட்டுக்குள் நுழைகிறவரை இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது, அவர் காட்டின் விதிகளை மதித்து நடந்தால் போதும் என்று எழுதிவைத்தது. 1905இல் கிஃபோர்ட் பின்ஷாட் தலைமையில் வனத்துறை பிறந்தபோது இந்த ஏற்பாடும் கூடவே வந்தது. 1960இல் வந்த சட்டம் மரம், மேய்ச்சல், நீர், காட்டுயிர் ஆகியவற்றோடு மக்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்கையும் காட்டின் பயன்களில் ஒன்றாகச் சேர்த்தது.

கட்டணம் வசூலிக்கும் ஆசை வராமல் இல்லை. 1996இல் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2004இல் நாடாளுமன்றம் ஒரு கோடு கிழித்தது: கழிப்பறை, குடிநீர், குப்பைத்தொட்டி போன்ற வசதிகள் இருக்கும் இடத்தில் காசு வாங்கலாம், எதுவுமே செய்து கொடுக்காத இடத்தில் வாங்கக் கூடாது. அதையும் மீறி, அரிசோனாவின் லெமன் மலையில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கப் போனவர்களிடம்கூட வசூல் நடந்தது. நான்கு பேர் வழக்குப் போட்டார்கள். 2012இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வசதியைத் தொடாமல் நடந்து போகிறவனிடம் காசு கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று வனத்துறைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆகவே இலவசம் என்பது இங்கே தயவு அல்ல, சட்டம்.

யாருடைய நிலம், யார் இலவசமாக விடுகிறார்கள் என்ற கேள்வியும் உண்டு. தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் தேசிய வனம் இருக்கும் மலை லகோட்டா பழங்குடி மக்களிடமிருந்து ஒப்பந்தத்தை மீறிப் பறிக்கப்பட்டது என்று 1980இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு அறிவித்தது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. கூடாரம் அடிக்கிறவர் இதையும் தெரிந்துகொண்டு அடிப்பது நல்லது.

காட்டில் தங்குவதற்கு விதிகள் உண்டு, கண்காணிக்கத்தான் ஆள் குறைவு. மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் என்று ஒன்றை வனத்துறை இலவசமாகத் தருகிறது. கறுப்பு வெள்ளையில், பார்க்கச் சகிக்காத வரைபடம். ஆனால் அதில் சில சாலைகளின் ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஓடும். அந்தச் சாலைகளில் மட்டும்தான் வண்டியை ஓரம்கட்டிச் சிறிது தூரம் உள்ளே கொண்டுபோய்த் தங்கலாம். ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் 200 அடி தள்ளி இருக்க வேண்டும். பெரிய எட்டாக வைத்தால் சுமார் 70 எட்டு. வெளிக்குப் போவதற்கும் அதே தூரம். ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, காரியம் முடிந்ததும் மண்ணால் மூட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுவதே உத்தமம். நில மேலாண்மைப் பணியகத்தின் நிலத்தில் 14 நாள் முடிந்தால் பக்கத்து மரத்தடிக்கு மாறினால் போதாது. பல இடங்களில் 25 மைல் தள்ளிப் போக வேண்டும்.

மலம் பற்றிப் பேச உள்ளூர்க் கூட்டங்களில் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் காட்டோர ஊர்க்காரர்களின் முதல் கோபம் அதுதான். குழி தோண்டுவது பத்துப் பேர் வந்துபோகும் பள்ளத்தாக்குக்குச் சரிப்படும். ஒரே திட்டில் வாரம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்தால் எங்கே தோண்டினாலும் முந்தையவரின் குழிதான். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் விடுதிகள் மூடிக்கிடக்க, இந்தக் காடுகளுக்குக் கூட்டம் திரண்டது. முன்பெல்லாம் வாய்மொழியாக, நம்பகமான சிநேகிதனுக்கு மட்டும் சொல்லப்பட்ட இடங்கள் கைப்பேசிச் செயலிகளில் அட்சரேகை தீர்க்கரேகையோடு ஏறிவிட்டன. நல்ல இடத்துக்கு நட்சத்திரம் போட்டால், அடுத்த மாதமே அது நல்ல இடமாக இருப்பதில்லை.

தீ இன்னும் பெரிய விஷயம். 2013 ஆகஸ்டில் ஸ்டானிஸ்லாஸ் தேசிய வனத்தில் வேட்டைக்கு வந்த ஒருவர் விதியை மீறி மூட்டிய நெருப்பிலிருந்துதான் ‘ரிம்’ தீ கிளம்பியது என்று வனத்துறை விசாரித்துச் சொன்னது. 2,57,314 ஏக்கர் எரிந்தது. நெருப்பு யோசெமிட்டிக்குள் புகுந்து, சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் குடிநீர் தரும் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்தின் பக்கம்வரை போனது. ஒருவர்மீது வழக்குப் போட்டார்கள்; முக்கியச் சாட்சிகள் இறந்துபோனதால் 2015இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்ட் கடைசியில், எங்கு பார்த்தாலும் தீ என்ற நிலையில், கலிஃபோர்னியாவின் ஏறக்குறைய எல்லாத் தேசிய வனங்களையும் இரண்டு வாரம் மூடிவைத்தார்கள். அப்படிப்பட்ட மூடலில் குறை காண முடியாது. ஒருபடி மேலே போய்ச் சொன்னால், வறண்ட மாதங்களில் காட்டில் விறகு நெருப்பே வேண்டாம். கூடாரத்துக்கு முன்னால் கணப்பு மூட்டி உட்கார்ந்தால்தான் காடு என்பது சினிமா கற்றுக்கொடுத்த வழக்கம். சிறிய கேஸ் அடுப்பில் டீ நன்றாகவே கொதிக்கும்.

ஆனால் பருவம் பார்த்து மூடுவது வேறு, நிரந்தரமாகக் கதவு போடுவது வேறு. குப்பை சேர்ந்துவிட்டது, கட்டணம் வைத்தால் சரியாகிவிடும் என்கிற வாதம் அடிக்கடி கேட்கிறது. இது பாதி உண்மை. அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற பாலைவனச் சிற்றூரை ஒட்டி லா போசா என்ற இடம் இருக்கிறது. குளிர்காலத்தில் நாடு முழுவதிலிருந்தும் வண்டிவாசிகள் வந்து குவிவார்கள். ஜெசிகா ப்ரூடரின் ‘நோமேட்லேண்ட்’ புத்தகமும், அதைத் தழுவி 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய திரைப்படமும் காட்டிய உலகம் அது. அங்கே 1983 முதல் நீண்டகாலத் தங்கலுக்கு அனுமதி உண்டு. செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஏழு மாதத்துக்கு நெடுநாளாக 180 டாலர் வாங்கிவந்தார்கள். பதிலுக்குத் தண்ணீர், கழிவு கொட்டும் இடம், குப்பைத் தொட்டி. கொடுப்பவருக்குக் கிடைக்கிறது, அது நியாயம். எதுவும் செய்து கொடுக்காமல் உண்டியல் மட்டும் வைத்தால் நியாயமில்லை. அதோடு, இருபது முப்பது டாலர் கட்டணம் வைத்தால் விலகிப் போகிறவர் குப்பை போடுகிறவர் அல்ல, கையில் காசில்லாதவர். இரண்டு லட்சம் டாலர் சொகுசு வண்டியில் வருகிறவருக்கு இருபது டாலர் ஒரு பொருட்டா?

கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் வேறு வழியைக் காட்டியது. சுற்றிலும் காட்டுப்பூக்களுக்குப் பேர்போன பள்ளத்தாக்குகள். வண்டிகள் புல்வெளியில் ஏறி, ஒவ்வொரு கோடையிலும் முகாம் திட்டுகள் அகலமாகிக்கொண்டே போயின. உள்ளூர் நிர்வாகமும் தன்னார்வலர்களும் வனத்துறையோடு சேர்ந்து, தங்க ஏற்ற இடங்களைத் தேர்ந்தெடுத்து எண் போட்ட கம்பம் நட்டார்கள். 2021 வாக்கில் ஊரைச் சுற்றியுள்ள ஆறு பள்ளத்தாக்குகளில் கம்பம் இருக்கும் இடத்தில் மட்டுமே தங்கலாம் என்றானது. முதலில் வந்தவருக்கு இடம்; தொடங்கியபோது கட்டணம் எதுவும் வைக்கவில்லை. விருப்பப்பட்ட இடத்தில் சிதறித் தங்கும் பழைய சுகம் போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருத்தம் புரிகிறது. ஆனாலும் கதவு போடுவதைவிடக் கம்பம் நடுவது எவ்வளவோ மேல். கூட்டம் மொய்க்கும் பள்ளத்தாக்குக்குக் கம்பம், கூட்டமில்லாத காட்டுக்குப் பழைய சுதந்திரம் என்று பிரித்துக்கொண்டால் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்காட்லாந்தும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. 2003இல் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு கூடாரமடிக்கும் உரிமையைச் சட்டமாக்கிய நாடு, மக்கள் மொய்த்த லோமண்ட் ஏரிப் பகுதியின் கரைகளில் மட்டும் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை அனுமதிச் சீட்டு முறையை வைத்தது. மற்ற இடங்களில் உரிமை அப்படியே இருக்கிறது.

கம்பம் நட்டுத் தீராத ஒரு பிரச்சினை மிச்சமிருக்கிறது. ஓரிகன் மாநிலத்தில் பெண்ட் என்ற ஊர். பனிச்சறுக்கு, ஆற்றில் படகு என்று பணக்காரர்கள் விரும்பி வந்து குடியேற, வீட்டு விலையும் வாடகையும் கூலிக்காரர் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குப் போயின. ஊருக்குத் தெற்கே டெஷூட்ஸ் தேசிய வனத்துக்குள் போகும் சைனா ஹேட் சாலையின் இருபுறமும் பழைய டிரெய்லர்களிலும் ஓடாத வேன்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் குடியிருந்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில். காலையில் ஊருக்குள் வேலைக்குப் போய், மாலையில் காட்டுக்குத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2025 மே 1 அன்று வனத்துறை அந்தப் பகுதியை மூடியது. மர நெருக்கத்தைக் குறைத்து, புதர் அழித்து, தீ பரவாமல் தடுக்கும் வேலை நடக்கப் போகிறது, பல ஆண்டுகளாகத் திட்டமிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போனவர்களுக்குத் தடை உத்தரவு கிடைக்கவில்லை. கதவு விழுந்தது.

தீத்தடுப்பு வேலை அவசியமானது, அதில் சந்தேகமில்லை. தேசிய வனத்தைக் குடியிருப்பாக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. கேள்வி வேறு. அதே ஓரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் படுத்துறங்குவதற்கு நகராட்சிகள் அபராதம் போடலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஊருக்குள் படுத்தால் அபராதம். காட்டுக்குப் போனால் கதவு. படுப்பதற்கு இடமே இல்லாதவர் எங்கே போவார்? இங்கேதான் முகாம் விதியும் வீட்டு வசதியும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. 14 நாள் என்ற வரம்பு விடுமுறைக்கு வந்தவருக்காக எழுதியது. வீடில்லாதவருக்கு அது 14 நாளுக்கு ஒருமுறை வரும் வெளியேற்ற நோட்டீஸ். வீடில்லாப் பிரச்சினையை வனத்துறை ரேஞ்சரின் தலையில் கட்டுவதும், அதைக் காரணம் காட்டிக் காட்டையே எல்லோருக்கும் பூட்டுவதும் நகரங்களின் கைகழுவல். வாடகைக்கு வீடும், வண்டியோடு தங்க வசதியான நிறுத்துமிடமும் ஊருக்குள் கொடுக்க வேண்டியது ஊர்கள்தான்.

ரேஞ்சர் என்று சொன்னாலும், அவர் எங்கே இருக்கிறார்? வனத்துறையே 2015இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 1995இல் அதன் வரவுசெலவில் தீயணைப்புக்குப் போனது 16 சதவீதம். 2015இல் பாதிக்கு மேல். 1998இலிருந்து தீயணைப்பு சாராத ஊழியர்களின் எண்ணிக்கை 39 சதவீதம் குறைந்திருந்தது. பெருந்தீக்குத் தனி நிதி ஒதுக்க 2018இல் நாடாளுமன்றம் ஏற்பாடு செய்தாலும், காலியான நாற்காலிகள் நிரம்பிவிடவில்லை. 2025 பிப்ரவரியில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு பலர் திரும்ப அழைக்கப்பட்டாலும், தாமாக விலகும் திட்டங்களில் மேலும் பலர் போய்விட்டார்கள். தீயணைப்பாளர்களைத் தொடவில்லை என்றது அரசு. ஆனால் போனவர்களில் பாதை செப்பனிட்டவர்கள், முகாம் இடங்களைச் சுற்றிவந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தவர்கள், கோடையில் தீ மூண்டால் தாங்களும் மண்வெட்டி பிடித்தவர்கள் இருந்தார்கள்.

சாம்பலைத் தொட்டுப் பார்ப்பது சாதாரண வேலை இல்லை. முகாமைக் காலி செய்யும்முன் நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், பிறகு புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் கிளம்பக் கூடாது. மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும், காற்று வந்தால் எழுந்துவிடும். இதை வரைபடத்தில் அச்சிட்டுப் புரியவைப்பதைவிட, சனிக்கிழமை மாலை ஒரு ரேஞ்சர் வண்டியை நிறுத்தி, இரண்டு நிமிடம் நின்று சொல்லிவிட்டுப் போனால் மனதில் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் செலவு மிச்சம் என்று வெட்டிவிட்டு, பிறகு மக்கள் ஒழுங்காக இல்லை என்று கதவு போடுகிறார்கள்.

2025 ஜூனில் யூட்டா செனட்டர் மைக் லீ, 11 மேற்கு மாநிலங்களில் இந்தப் பொது நிலங்களில் 20 லட்சம் முதல் 33 லட்சம் ஏக்கர் வரை விற்கச் சொல்லும் பிரிவைப் பெரிய வரவுசெலவு மசோதாவில் செருகினார். வேட்டைக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள், மலையேறிகள், வேன்வாசிகள் என்று எதிலும் ஒத்துப்போகாத கூட்டங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. அவருடைய கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. ஜூன் 28 அன்று பிரிவைத் திரும்பப் பெற்றார். நிலம் தப்பியது. நிலத்தைக் காப்பாற்றக் கடிதம் எழுதிய அதே கைகள் இனி எண் போட்ட கம்பத்துக்காகவும் காலியாகக் கிடக்கும் ரேஞ்சர் பணியிடங்களுக்காகவும் எழுத வேண்டும். அங்கே குடியுரிமை பெற்றிருக்கும் தமிழர்களுக்கும் இரண்டு செனட்டர்களும் ஒரு பிரதிநிதியும் உண்டு.